பதில் வந்த நேரத்தில் நின்ற நெட்

கேள்வி கேட்டது செண்பகவல்லி. பதில் வந்த நேரத்தில் நெட் நின்றுவிட்டது. அப்படித்தான் அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெருக்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. வீரவநல்லூரில் அவள் வீட்டு நெட்டின் குணம் அவர்களுக்குத் தெரியும். தூறல் விழுந்தால் போகும். வெயில் ஏறினாலும் போகும். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினால் போகிறது என்பது செண்பகவல்லி தானே கண்டுபிடித்தது. மோடம் என்னவோ முன்னறைச் சுவரில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். சிக்னல் மட்டும் பின்கட்டில், துவைகல்லின்மேல்தான் முழுசாக வரும். ஏன் அங்கே என்று நெட்காரத் தம்பிக்கே விளங்கவில்லை. இருக்கிறபடி இருக்கட்டும், கை வைத்தால் அங்கேயும் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் செண்பகவல்லி துவைகல்லை அலம்பித் துடைப்பாள். பழைய போர்வையை நாலாக மடித்துப் போடுவாள். போனைச் சோப்புப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளை பூவிகாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அது உலகம்மை அக்கா பேசும் நேரம்.

உலகம்மை அக்கா பாபநாசத்தில் மலையடிவாரத்தில் இருந்தார். செண்பகவல்லியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் பெரிது. காவி கிடையாது, கழுத்தில் மாலை கிடையாது. ஆனால் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அம்பாசமுத்திரம் கந்தையா சார்கூட அவர் முன்னால் கைகட்டித்தான் உட்காருவார். நேரில் வர முடியாதவர்களுக்காக அக்கா ஞாயிறுதோறும் போனில் வருவார். எதைக் கேட்டாலும் பதில் சுருக்கமாக இருக்கும். சில நாள் பதிலுக்குப் பதிலாக ஒரு தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அதை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரு வாரம் யோசிப்பார்கள்.

செண்பகவல்லி அந்தக் கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்தது இல்லை. படித்தவர்கள் இருக்கிற இடம், நமக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் பூவிகா தோசை மாவை எடுத்துத் தரையில் ஊற்றி, வீடு மெழுகினாள். நாலு வயசுப் பிள்ளை, அம்மாவுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டது. மறுநாளைக்கு வைத்திருந்த மாவு மொத்தமும் தரையில் கிடந்தது. செண்பகவல்லி கண்டாள், அடித்துவிட்டாள். கண்டதற்கும் அடித்ததற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. பிள்ளை அழக்கூட இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடித்த தடம் மறைந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, தலைவாரச் சீப்பை எடுக்கச் செண்பகவல்லி கையைத் தூக்கினாலும் பிள்ளை கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. புருஷன் இசக்கிராஜாவிடம் சொன்னதற்கு, அவன் தன் அம்மா விறகுக்கட்டையாலேயே அடித்தவள் என்று பெருமையாகச் சொன்னான். இவனிடம் சொன்னோமே என்று ஆகிவிட்டது.

ஆகவே அன்றைக்கு அக்கா, யாருக்காவது கேட்க இருக்கிறதா என்றதும், செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"அக்கா, கோவம் வந்தா என்ன செய்யணும்?"

அடித்ததைச் சொல்லவில்லை. இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

அக்கா அவளைப் பார்த்தார். "சொல்லுதேன்" என்றார்.

அதோடு நின்றது படம்.

வாய் அசையவில்லை. குரல் வரவில்லை. செண்பகவல்லி ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தாள். பிறகு போனைத் தூக்கிக் குலுக்கினாள். திருப்பி வைத்தாள், மறுபடி குலுக்கினாள். வாழ்நாளில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், அதற்குப் பதில் வரும்போதா இந்தச் சனியன் நிற்க வேண்டும் என்று அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. போனைச் சோப்புப் பெட்டியில் சாய்த்துவிட்டு முன்னறைக்கு ஓடினாள். மோடம் ஒன்றும் தெரியாததுபோலப் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கீழே இசக்கிராஜா மதியச் சாப்பாட்டுத் தூக்கத்தில் கிடந்தான். அவனை எழுப்பி, அவனைப் போலவே ஒரு நெட்டைத் தேடிப்பிடித்து வாங்கி வைத்திருக்கிறான் என்றாள். எதற்கு எழுப்பப்பட்டோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவன் போனைப் பிடுங்கி நெட்காரத் தம்பியைக் கூப்பிட்டாள். லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவன் சொன்னான். அவனுக்கும் ஏச்சு விழுந்தது. கடைசியாக மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள்.

திரும்ப நெட் வந்தபோது அக்கா கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி மற்ற சீடர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டாள். முக்கூடல் மைமூன் அக்கா, தன் வீட்டிலும் நெட் நின்றுவிட்டது என்றும், அந்த ஆத்திரத்தில் மகனிடம் கத்தி அவன் சாப்பிடாமல் போய்விட்டான் என்றும் சொன்னாள். கந்தையா சார் வீட்டிலும் அதே நேரத்தில் நின்றிருந்தது. கடலுக்கடியில் போகிற கேபிள் அறுந்திருக்கும் என்றார் அவர். படித்தவர் சொல்கிறார், இருக்கும் என்று செண்பகவல்லி நினைத்தாள்.

ஆனால் அடுத்த ஞாயிறு வரை பொறுக்க அவளால் முடியவில்லை. மறுநாள் காலை பூவிகாவுக்குத் தலைவாரப் போனாள். பிள்ளை கழுத்தை இழுத்துக்கொண்டது. சீப்பை வைத்துவிட்டாள். தலைவாராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாபநாசம் பஸ் ஏறினாள்.

அக்கா வாசலில் மோரில் ஊறிய சுண்டைக்காயை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். வந்தவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"அக்கா, நேத்து நீங்க சொன்ன பதில் எனக்குக் கேக்கல. நெட்டு நின்னுட்டு."

"சொன்னேனே."

"இன்னொரு மட்டம் சொல்லணும்க்கா. அதுக்குத்தான் வந்தேன்."

அக்கா கையைக் கழுவினார். உள்ளே போய்ப் பாயை விரித்து அவளை உட்காரச் சொன்னார். தானும் எதிரே உட்கார்ந்து, அவளைப் பார்த்தார். பேசவில்லை.

செண்பகவல்லி காத்திருந்தாள். என்னத்தையாவது பிடித்துக் குலுக்க வேண்டும்போல அவள் கை பரபரத்தது. குலுக்க அங்கே ஒன்றும் இல்லை. பிடுங்கி மாட்ட பிளக்கும் இல்லை. கை தானாக மடியில் வந்து விழுந்தது. மலைக்காற்று உள்ளே வந்தது. வாசலில் எதுவோ கீச்சிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது.

பூவிகா ஜன்னலிலிருந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அடித்த கை அது. பிள்ளை அதை யோசிக்கவில்லை.

"எம்மா, இந்த அணிலுதான். நேத்து போன்ல ஓடுச்சுல்லா. பெரியம்மா சும்மா இருக்கும்போது. கம்பில ஏறிட்டு, இறங்கிட்டு, வாலை வாலை ஆட்டுச்சு."

ஜன்னல் கம்பியில் அணில் ஒன்று உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி அணிலைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். படம் நின்றிருந்தால் அணில் எப்படி ஓடும்?

அவள் முகம் சிவந்துவிட்டது.

"அப்போ நேத்து நெட்டு நிக்கலையாக்கா?"

"எனக்கு எல்லாரு மூஞ்சியும் நல்லாத்தான் தெரிஞ்சுது" என்றார் அக்கா. "நீ ரெண்டு மட்டம் போனைக் குலுக்கினே பாரு, எனக்குத் தலை சுத்திட்டு. கந்தையா சார் மேசைக்கடியில போயி வயரைத் தேடினாரு. அவரு முதுகுதான் ரொம்ப நேரம் தெரிஞ்சுது. உன் வீட்டு லைன் நிசமாவே போகுத வரைக்கும் உன் பிள்ளை ஒருத்திதான் உக்காந்து கேட்டா."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலுக்கடியில் அறுந்த கேபிளைச் சொன்னாள். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே பூவிகாவும் சிரித்தாள். தூக்கத்தில் ஏச்சு வாங்கிய புருஷன், போனில் வாங்கிக்கட்டிக்கொண்ட நெட்காரத் தம்பி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவள், மாவைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்திவிட்டாள். பிள்ளையின் வாராத தலையைப் பார்த்தாள். பிறகு அடித்ததையும் சொன்னாள். கழுத்தை இழுத்துக்கொள்வதையும் சொன்னாள்.



"சும்மா இருக்கணும்னு இப்ப புரியுதுக்கா. ஆனா எனக்குக் கை முந்திருது. புத்தி எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வந்து நிக்கி. எங்க வீட்டு நெட்டு மாதிரிதான் என் புத்தியும். சுத்திக்கிட்டே இருந்துட்டு மெல்லத்தான் வரும். அதை என்ன செய்ய?"

"வருதுல்லா?" என்றார் அக்கா.

"வருது."

"அப்போ மெல்லவே வரட்டும். வந்து சேருத வரைக்கும் கையை மடியில வச்சிரு."