சென்னியப்பனின் குட்டை ரைஃபிள்

சென்னியப்பனிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. அதைவிட நீளமான நாக்கும் இருந்தது. துப்பாக்கி ரொம்பக் குட்டை என்பதால் நாக்கை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. மலையடிவாரத்து எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன தொரை ஒருத்தர், கட்டில் பீரோவோடு சேர்த்துத் தள்ளிவிட்ட ரைஃபிள் அது. போல்ட்டை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாகச் சுட வேண்டும். போடுவதோ கைத்துப்பாக்கித் தோட்டா. பெரிய ரைஃபிள் வைத்திருக்கிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்பதால், அவர்கள் இருக்கும் திசைக்கே அவர் அதைக் கொண்டு போனதில்லை.

வாங்கிய நாளிலிருந்து அந்தத் துப்பாக்கி சுட்டு வீழ்த்தியது ஒன்றே ஒன்றுதான்: மச்சினன் ஆறுச்சாமியின் தண்ணீர் டேங்க்.

ஆறுச்சாமிக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் துப்பாக்கி இருந்தாக வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் அவனுடைய மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கிறது. பொழுது சாய்ந்தால் காட்டுப்பன்னி கூட்டமாக இறங்குகிறது. தகர டப்பா தட்டினான், பட்டாசு வெடித்தான், காட்டைச் சுற்றிப் பழைய சேலையெல்லாம் கட்டிப் பார்த்தான். பன்னிகள் சேலையையும் சேர்த்துத் தின்றன. மச்சான் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் மட்டும், அந்தப் பாழாய்ப்போன சத்தத்துக்கு நாலு நாள் எட்டிப் பார்க்காது. கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை. இந்தத் தடவை போனால் தோட்டமே போய்விடும்.

இப்போது துப்பாக்கி லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பன்னித் தொல்லை இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோலி.

“மச்சான், ஒத்த வார்த்தைங்க. இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டு டீயக் குடிங்க” என்று ஆறுச்சாமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

மச்சானும் மச்சினனும் ஊர்க்காரர்களோடு காத்திருந்த பஸ் ஸ்டாப் பேக்கரியில் வந்து உட்கார்ந்தார் வருவாய் ஆய்வாளர் ஜெசிந்தா மேடம். ஊருக்குப் புதுசு. மூஞ்சியில் சிரிப்பு என்கிற சமாச்சாரமே கிடையாது. தேங்காய் பன்னைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: “துப்பாக்கி பழசாச்சே, வேலை செய்யுதா?”

ஆறுச்சாமி அவசரமாக டீயை மச்சான் பக்கம் தள்ளினான். கேட்கக் கூடாத கேள்வியை எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டாரே!

“வேலை செய்யுதாவா?” சென்னியப்பன் வேட்டியை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். “மேடம், தொரை குடுக்கறப்ப அது வெறும் இரும்பு. அத துப்பாக்கி ஆக்குனது நானுங்க. போல்ட்டு சண்டிமாடாட்டம் நகராது. நல்லெண்ணெயும் சாம்பலும் போட்டு ஒரு வருசம் தேச்சனுங்க. இப்ப என்ன ஆச்சுன்னா, காத்தடிச்சாப் போதும், அதுவே தெறந்து அதுவே மூடிக்குது. சணல் கவுறு போட்டுக் கட்டித்தான் வெச்சிருக்கறன்.”

“அப்ப எங்க வீட்டுக் கதவையும் கொஞ்சம் தேச்சுக் குடுங்ணா” என்றார் பேக்கரிக்காரர்.

“நீ டீயப் போடு. தோள்ல வெக்கற கட்டை நீளமா இருந்துச்சுங்க மேடம், அறுத்து எளச்சன். அப்பறம் மேல குறி பாக்கற கண்ணாடி ஒன்னு மாட்டுனன். அதுல பாத்தா மலைக்கு அந்தப்பக்கம் தெரியும்.”

“மலையே மறைக்குமே” என்றார் ஜெசிந்தா.

“மத்த கண்ணாடிக்கு மறைக்குமுங்க. இதுல பாத்தா பாலக்காட்டு டீக்கடையில சட்டில வேகற வடை தெரியுது. ஒரு நா வடை கருகறதப் பாத்துட்டு நான் இங்கிருந்து கத்துனன்னா பாத்துக்கங்க.”

“திருப்பிப் போட்டாங்ளா மச்சான்?” ஆறுச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

“மலையாளத்துல கத்தலியே மாப்ள, அவனுக்கு வெளங்கல.”

மேடம் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. சென்னியப்பனுக்கு அதுவே சாமி வரம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கைத்துப்பாக்கித் தோட்டான்னு எளக்காரமா நெனைக்காதீங்க. பெரிய தோட்டா குருட்டாம்போக்குல ஓடும். இது நெதானமா, பாத்துப் போகும். வழியில ஆடு மாடு குறுக்க வந்தா நின்னு வழிவிட்டுட்டுத்தான் போகும். சத்தமும் கெடையாது, கொட்டாவி விட்ட மாதிரி இருக்கும். செத்த பன்னிக்கே தான் செத்துட்டம்னு தெரிய சித்த நேரம் ஆகும்னா பாருங்க!”

“பன்னியைச் சுடறதுக்கு ஃபாரஸ்ட்ல அனுமதி வாங்கினீங்களா?”

“எங்க மேடம், அதுங்களே வரிசைல வந்து நிக்குதுங்க, சீக்கிரம் முடிச்சு உடுங்கன்னு.”

ஆறுச்சாமி மேசைக்கடியில் மச்சான் காலை மிதித்தான். சென்னியப்பன் காலை நகர்த்திக்கொண்டார், வாயை நிறுத்தவில்லை.

“கடசியா ஒரே தோட்டா போட்டனுங்க. முன்னாடி நின்ன பன்னிய முடிச்சுது, பின்னாடி நின்னத முடிச்சுது, மேட்டுக்கு ஏறிப்போயி ஒளிஞ்சிருந்ததையும் தேடிப் புடிச்சு முடிச்சுது. மிச்சமிருந்த பன்னியெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிட்டு, குட்டிகளக் கூட்டிட்டு வாளையார் செக்போஸ்ட் தாண்டிப் போயிருச்சுங்க. இன்னைக்குத் தேதிக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல வெளக்கு வெச்சுத் தேடுனாலும் ஒரு பன்னி கெடையாது!”

ஜெசிந்தா பன்னைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

“பன்னியே இல்லை. அப்புறம் பயிரைக் காப்பாத்தத் துப்பாக்கி எதுக்கு? தேவையில்லைன்னு எழுதிடறேன். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்க.”

பேக்கரியில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஆறுச்சாமி எழுந்தே விட்டான். “மேடம், அத்தனையும் புளுகுங்க! நேத்துக்கூட என்ற காட்டுல பாதி ஏக்கரா நாசமுங்க, வாங்க, கண்ணால பாருங்க. இவரு ஒரு பன்னியும் சுட்டதில்ல. அந்தக் குட்டைக் கருமம் பக்கத்துல நிக்கற செவுத்துலகூடப் படாதுங்க. வெறும் சத்தத்துக்குத்தான் நாங்க வெச்சிருக்கறம். எனக்கு அந்தச் சோளத்த விட்டா வேற கெதி இல்லைங்க.” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நீங்க சொன்னா ஆகாது. லைசன்ஸ் அவர் பேர்ல இருக்கு. அவரே சொல்லட்டும், ஒரு பன்னி மேலயும் பட்டதில்லைன்னு.”

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். மனுஷன் முகத்தில் வேர்த்து ஊற்றியது. ஊரே உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் கட்டிய கோட்டை. ஆறுச்சாமிக்கு மச்சான் மேல் முதல்முறையாகப் பாவமாகக்கூட இருந்தது. கல்யாணப் பந்தலில் தாலியைத் தொலைத்தவன்கூட அப்படி முழித்திருக்க மாட்டான்.

சென்னியப்பன் மச்சினனின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“படலைங்க” என்றார்.

பேக்கரிக்காரர் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். ஆறுச்சாமிக்கு மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அந்த அடக்கம் ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. குனிந்த தலை மெல்ல எழும்பியது.

“ஆனா மேடம், படாம சுடறது லேசுப்பட்ட காரியம்னு நெனச்சறாதீங்க. டார்ச்சு வெளிச்சத்துல கண்ணு கூசி நிக்குது நாப்பது பன்னி. கை எட்டற தூரம். எங்க சுட்டாலும் ஒன்னு மேல பட்டே தீரணும். அத்தனைக்கும் நடுவுல, ஒன்னோட மயிருகூடக் கருகாம, தோட்டாவ வளைச்சு வளைச்சுக் கொண்டுபோயி வெளிய விட்டனுங்க! கண்ணாடி மாட்டுனது, போல்ட்டு தேச்சது எல்லாம் அதுக்குத்தான். என்னாட்டம் குறி தவற விடறவன் இந்த ஜில்லாவுல இன்னொருத்தன் இருந்தாக் காட்டுங்க, துப்பாக்கிய இப்பவே குடுத்தறன்!”

ஜெசிந்தா மேடம் பேனாவை எடுத்து, முதல்முறையாக எழுத ஆரம்பித்தார்.

“பன்னித் தொல்லை இருக்குன்னு எழுதிட்டேன். லைசன்ஸ் வந்துடும்” என்றார் தலையை நிமிர்த்தாமல். “இந்தத் துப்பாக்கியால பன்னிகளுக்கு எந்த ஆபத்தும் இல்லைன்னும் ஒரு வரி சேர்த்திருக்கேன். ஃபாரஸ்ட்காரங்களும் நிம்மதியா இருக்கட்டும்.”