ஒன் மோர்

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் அது. வடபழனியில் ஒரு ஸ்டுடியோவின் பின்பக்க வெட்டவெளியில் பொய்யாக ஒரு பஸ் ஸ்டாப் கட்டி, விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசை மேல் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளி. அதற்குள் ஒரு மோர்.

நல்ல மோர். ஸ்டுடியோ வாசலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் செண்பகம் காலையில் கடைந்து கொடுத்தது. உப்பு, பெருங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் தனிப் பொட்டலத்தில் வந்திருந்தன. யூனிட்டில் பாதிப் பேருக்கு பிபி, மீதிப் பேருக்கு அல்சர். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று செண்பகம் வெறும் மோராகத்தான் கொடுத்தனுப்புவாள்.

மோருக்கு ஒரே கவலைதான். யாராவது சீக்கிரம் குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புளித்துவிடும். புளித்த மோரைப் பார்த்து யாரும் கண் கலங்க மாட்டார்கள். நேராகச் சாக்கடைதான்.

அதனால்தான் டைரக்டர் சேவியர் "ஒன் மோர்" என்று முதல் தடவை குரல் கொடுத்தபோது மோருக்கு உயிரே வந்தது. வந்து சேர்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் டைரக்டரே பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆடை கட்டியிருந்ததைக் கலைத்துக்கொண்டு தயாராக நின்றது. யாரும் வரவில்லை. திரும்பவும் "ஒன் மோர்" என்றார். யாரும் வரவில்லை. காலை முழுக்க அந்த மனிதர் கத்திக்கொண்டே இருந்தார், ஒருத்தராவது ஒரு டம்ளர் மொண்டு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே.

கடைசியில் மேசை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த கிளாப் பலகையிடம் மோர் கேட்டுவிட்டது.

"அண்ணே, அந்த சார் என்னைத்தானே கூப்பிடுறாரு? எல்லாரும் காது கேக்காத மாதிரி நிக்கிறாங்க."

கிளாப் பலகை வாயைப் பிளந்து டப்பென்று மூடியது. அது சிரிப்பதே அப்படித்தான்.

"உன்னையா? டேய், அது இங்கிலீஷ்டா. இன்னொரு தடவை எடுக்கணும்னு அர்த்தம். நீ கேட்டரிங். ஓரமா இரு."

மோருக்கு அவமானத்தில் நீர் வேறு தயிர் வேறாகப் பிரிந்துவிடும் போல் இருந்தது. வேறு வேலை இல்லாததால் ஷூட்டிங்கைப் பார்க்க ஆரம்பித்தது.

விளம்பரம் புதிதாக வந்த ஒரு ஆரஞ்சு கூல்டிரிங்ஸுக்கு. கதை ஒன்றும் பெரிதில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலேஜ் பெண் வேர்த்து விறுவிறுத்து நிற்பாள், பாட்டிலைத் திறந்து குடிப்பாள், அவள் முகம் குளிர வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெண்ணாக நடித்த தாரிணிக்கு முகம் குளிரவே இல்லை. கண் குடிக்கவில்லை, வாய் மட்டும்தான் குடிக்கிறது என்று சேவியர் சொன்னார். பாட்டிலில் இருப்பது வெந்நீர் மாதிரி இருக்கிறது சார் என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் சொன்னது சரிதான்.

துடைப்பதற்காகப் பாட்டிலை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் முத்து முத்தாகத் துளி. மோருக்குப் பொறாமை.

"இந்த வெயில்ல எப்படிடா இவ்வளவு குளிர்ச்சியா இருக்கே?"

"குளிர்ச்சியா? தொட்டுப் பாரு, சுடும்," என்றது பாட்டில். மேலே இருப்பது கிளிசரின், ஸ்பிரே அடித்தது என்று சொன்னது. கிளாஸில் போடுகிற ஐஸ் பிளாஸ்டிக். உள்ளே இருப்பது கலர் தண்ணீர். நிஜ சரக்கு லைட்டுக்கு முன்னால் தாங்காது, கேஸ் போய்விடும். தாரிணிகூட வாயில் வைத்துக்கொண்டு, ஷாட் முடிந்ததும் பக்கெட்டில் துப்பிவிடுகிறாள்.

"அப்ப உன்னை யாரும் குடிக்கவே மாட்டாங்களா?"

"என்னைப் பாக்குறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க," என்றது பாட்டில்.

ஃபிராடுப் பயல்கள் என்றுதான் மோர் முதலில் நினைத்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அப்படி மட்டும் நினைக்க முடியவில்லை. ஒரு ஆள் மண்டி போட்டு, மூச்சை அடக்கி, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே ஒரு துளியை நகர்த்திக்கொண்டிருந்தார். அந்தத் துளி சரியாகப் பாட்டிலின் பெயர் முடிகிற இடத்தில் உருண்டு இறங்க வேண்டுமாம். இன்னொருத்தர் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து, மண்டையைப் பிளக்கிற வெயிலை மடக்கி, பாட்டிலின் முதுகில் விளக்கு மாதிரி ஏற்றிவைத்தார். உடனே அந்தக் கொதிக்கிற கலர் தண்ணீர் பனிக்கட்டியாகத் தெரிந்தது. எல்லாம் தெரிந்த மோருக்கே ஒரு வாய் குடித்தால் தேவலை என்று தோன்றிவிட்டது.

அதற்குத் தெரிந்தவரை எல்லோரும் தாகத்தைத் தீர்க்கத்தான் பாடுபடுவார்கள். இங்கே ஒரு கூட்டமே தாகத்தை உண்டாக்கப் பாடுபட்டது. விளையாட்டு வேலை இல்லை அது.

வெயில் மேசைக்கு ஏறிவிட்டது. மோரின் ஓரத்தில் லேசாகச் சுருக்கென்றது. புளிப்பு ஆரம்பிக்கிற இடம் அதுதான். இன்னும் கொஞ்ச நேரம், அதோடு கதை முடிந்தது என்று அதற்குத் தெரிந்தது.

அப்போது லென்ஸ் மாற்ற வேண்டும் என்று தாரிணியை நிழலில் போய் நிற்கச் சொன்னார்கள். அவள் நேராக மேசைக்கு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து, டம்ளரை உள்ளே விட்டு மொண்டாள். உப்புப் பொட்டலத்தைத் தேடக்கூட இல்லை. அண்ணாந்து குடித்தாள்.

புது லென்ஸைச் சரிபார்க்கக் கேமராவை மேசைப் பக்கம் திருப்பியிருந்தார்கள். சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரில் ஏதோ பார்த்த சேவியர் கையைத் தூக்கினார். இருமிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

டம்ளர் கீழே இறங்கியது. தாரிணியின் கண் தானாக மூடியது. இரண்டு உதடும் உள்ளே மடிந்து, மூக்கு வழியாக ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது. நெற்றியில் காலையிலிருந்து இருந்த கோடு காணாமல் போனது.

மோர் காத்திருந்தது. காலையிலிருந்து கேட்ட அந்த வார்த்தை இப்போதும் வரும் என்று நினைத்தது. வரவில்லை.

"ஓகே," என்றார் சேவியர், மெதுவாக.

யூனிட் கைதட்டியது. மோர் கேமராவிடம் என்ன எடுத்தாய் என்று கேட்டது. முகம் என்றது கேமரா. தானும் அதில் உண்டா என்று கேட்டது. இல்லை, டம்ளர் இறங்கினபிறகு முகம் மட்டும்தான்.

"முதல்ல பாட்டிலைக் காட்டுவாங்க," என்று கேமரா விளக்கியது. "அடுத்து இந்த முகத்தை ஒட்டுவாங்க. பாக்கிறவங்க ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுப்பாங்க."

"அப்ப குளிர வெச்சது நான், பேரு இவனுக்கா?"

"ஆமா."

"நான் கேக்கலடா," என்றது பாட்டில், பாவம்.

"இது பொய்தானே?" என்று மோர் கேமராவைக் கேட்டது.

"அவ குடிச்சா, குளிர்ந்துச்சு. நான் பாத்ததைத்தான் எடுத்தேன். எதுக்குப் பக்கத்துல எதை வைக்கிறதுங்கிறது எடிட்டிங்ல. அதுவும் அரை நிமிஷம் ஓடுற படம். அதுல என்ன ஆயிடப்போவுது?"

மோருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய கேமராவுக்கு இது தெரியவில்லையே.

"உறை ஊத்தறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒரு அண்டாப் பாலுக்கு ஒரு ஸ்பூன் மோர். அவ்வளவுதான். மூடி வெச்சிட்டுப் போயிடலாம். விடிஞ்சு பாத்தா அண்டாவே தயிர். ஸ்பூனைப் பால் மறந்தே போயிருக்கும். தானாத்தான் தயிரானேன்னு நினைச்சிக்கும்."

கேட்டுக்கொண்டிருந்த கிளாப் பலகை பேசியது. சிரிக்காமல் பேசியது.

"நீ நம்ம ஆளுடா," என்றது.

அதற்கப்புறம் யூனிட்டே மேசையைச் சுற்றி வந்து குடித்தது. அடியில் கொஞ்சம் மிஞ்சியது. சாயங்காலம் தூக்குவாளி செண்பகத்திடம் திரும்பியபோது அவள் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் ஒரு ஸ்பூன் எடுத்து அன்றைக்குக் காய்ச்சிய பாலில் உறை ஊற்றினாள். மறுநாள் தள்ளுவண்டியில் இருந்ததும் அதே மோர்தான். அதற்கடுத்த நாளும் அதேதான். மோர் சாகாமல் இருப்பது இப்படித்தான்.

அந்தக் கோடை முடிவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. தள்ளுவண்டிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு டிவி உண்டு. அதில் ஓடியது. துளி உருண்டு, பெயர் முடிகிற இடத்தில் இறங்கியது. மூடி திறந்தது. தாரிணியின் முகம் வந்தது. அந்த ஒரு நொடி, அவளைக் குளிரவைத்தது பாட்டில்தான் என்று மோரே நம்பிவிட்டது. கோபம் வந்தது. கூடவே கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது. மோருக்குக் கை கிடையாது.

ஜனங்கள் பாட்டில் வாங்கினார்கள். நிறையப் பேர் வாங்கினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. குடித்தார்கள், ஏப்பம் விட்டார்கள், மூக்கைச் சுருக்கிக்கொண்டு போனார்கள். அந்த முகம் ஒருத்தருக்கும் வரவில்லை. வண்டியில் மோர் அப்படியே கிடந்தது. புளிப்பு மறுபடி ஓரத்தில் சுருக்கென்றது.

ஆட்டோக்காரர் ஞானதுரை வேர்த்து வழிந்துகொண்டு வந்து பெட்டிக்கடை ஃபிரிட்ஜைத் திறந்தார். பாட்டில் மேல் கை வைத்தார். அந்த நேரம் டிவியில் விளம்பரம். கையை எடுக்காமல் பார்த்தார். தாரிணி உதட்டை மடித்தபோது அவர் உதடும் மடிந்தது. மூக்கு வழியாக மூச்சு விட்டார். பாட்டிலை விட்டுவிட்டு ஃபிரிட்ஜை மூடினார்.

"என்னண்ணே, வேணாமா?" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பொண்ணு குடிச்சுதே, அது வேணும்."

"அதைத்தானே வெச்சிட்டீங்க."

ஞானதுரை டிவியைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார். ஏதோ கணக்கு இடித்தது. இது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏனென்று தெரியாமலே இரண்டடி தள்ளித் தள்ளுவண்டி முன்னால் போய் நின்றார். செண்பகம் மொண்டு கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். கண் தானாக மூடியது.

பிறகு காலி டம்ளரை நீட்டினார்.

"அக்கா, ஒன் மோர்."

இந்தத் தடவை மோர் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை.