தமுக்குச் சத்தத்துல முங்குன பேச்சு

மழை தப்பினா உலையும் தப்புற ஊரு ஒண்ணு இருந்துச்சாம். அங்க பூவாயின்னு ஒருத்தி. அவளுக்கு ஒரு துண்டு மானாவாரி நிலம், ஒரு பானை விதைக்கம்பு, ரெண்டு பிள்ளைங்க. பசியில பிள்ளைங்க சுருண்டு கிடந்தாலும் அந்த விதைப்பானையில மட்டும் கை வைக்கமாட்டா.

அப்படி இருக்கையில, சங்கிலின்னு ஒரு விதை வியாபாரி தமுக்குக்காரனோட வந்தான். "பழைய விதையக் குடுங்க, புது விதைய வாங்குங்க! ஒத்தைக்கு ரெட்டையா விளையும்!"னு தொண்டை கிழியக் கத்துவான். உடனே தமுக்கு டமடமன்னு அதிரும். அந்தச் சத்தத்துக்குள்ள, "வாய்க்கால் தண்ணி பாய்ஞ்சாத்தான்"னு முனகுவான். என்ன முழிக்கிறீங்க, உங்களுக்கே கேக்கலையில்ல? ஊருக்கும் கேக்கல. எல்லாரும் குடுத்தாங்க, பூவாயியும் பானையோட குடுத்தா.

விதைச்சா, முளைச்சுது, கருகிப்போச்சு.

ஓடிப்போய் அவன் சட்டையப் புடிச்சா. "ஏண்டா, என் பிள்ளைங்க வாயில மண்ணப் போட்டியே!"

"கைய எடு அக்கா. வாய்க்கால் தண்ணி பாய்ஞ்சாத்தான்னு சொன்னேனா இல்லையா? நான் சொன்னது பொய்யா?"

நாட்டாமைகிட்ட இழுத்துட்டுப் போனா. "நான் சொன்னது பொய்யா?"ன்னான். மந்திரிகிட்ட இழுத்துட்டுப் போனா. அங்கயும் அதே பேச்சு. அப்புறம் ராஜாகிட்டயே இழுத்துட்டுப் போனா.

ராஜா தமுக்குக்காரனையும் வரவழைச்சுச் சொன்னாரு: "அன்னிக்குக் கூவுன மாதிரியே இங்க கூவு."

கூவுனான், தமுக்கு அதிர்ந்துச்சு. ராஜா தண்ணி தூக்குறவளக் கேட்டாரு, காவக்காரனக் கேட்டாரு, மாடு மேய்க்கிறவனக் கேட்டாரு. மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க: "ஒத்தைக்கு ரெட்டைங்க சாமி."

"அடேய், நீ முனகுனது செல்லாது. சாதாரண சனம் கேட்டு என்ன நம்புச்சோ, அதுதான் நீ சொன்னது. ஏம்மா, வாய்க்கால் சங்கதி தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பியா?"

"எங்க ஊர்ல வாய்க்காலே இல்ல சாமி! தொட்டிருக்கவே மாட்டேன்."

"அப்ப இது மோசடி. தமுக்கில்லாம, ஊர் ஊராப் போய் நீ மறைச்சத நீயே கத்தணும். உன் விதைக்கடைக்கும் பூட்டு. இவ விதையத் திருப்பிக் குடு."

சங்கிலி தலையச் சொறிஞ்சான். "மாவா அரைச்சு வித்தாச்சு, மகாராஜா."

ராஜா அரண்மனைக் கம்பு ஒரு மூட்டை குடுக்கச் சொன்னாரு. பூவாயி ஒரு பிடி அள்ளிப் பாத்தா.

"இதுவும் வாய்க்கால் தண்ணி குடிச்சு வளந்ததுதான சாமி?"



விதைக்கு ஆகாதுன்னு, அந்த மூட்டையச் சுமந்துட்டு வந்து பிள்ளைங்களுக்குக் கூழா காய்ச்சி ஊத்துனா. அடுத்த வருசம் நல்ல மழை பெஞ்சுது. ஊரே ஈரமாக் கிடந்துச்சு, போட ஒரு மணி விதை எவ வீட்லயும் இல்ல.

நியாயம் கிடைச்சுது, வெள்ளாமை கிடைக்கல. கதையும் ஆச்சு, கம்பும் போச்சு.