எறும்பு குனிந்து போன கார்

நான் சொல்வது புளுகு என்று நினைக்கிறவன் இப்போதே எழுந்து போகலாம். உட்காருகிறவன் குறுக்கே பேசக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

கணபதி மெயின் ரோட்டில் என் பட்டறை. காருக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலை மட்டும் பார்ப்பேன். வேறு வேலை கேட்டால், "எதிரே போ" என்பேன். போன மாதம் எதிரே நிஜமாகவே ஒரு கடை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. நான் சொன்ன பேச்சைக் கேட்டு ஆறு கார் எதிரே போய்விட்டது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பெயர் நவநீதன். கூட அவன் பெண்சாதி மிருதுளா. காரைத் தரையோடு தரையாக இறக்க வேண்டுமாம். அடுத்த வாரம் ஏதோ கார்க் கண்காட்சியாம், அதில் நிறுத்த வேண்டுமாம். அவன் பேசினது என்னிடம். பார்த்தது எதிர்க்கடையை. கார் சாவி அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சாவி எனக்கு வேண்டும். ஏழாவது காரும் எதிரே போனால் இந்தச் சென்னியப்பன் கதை முடிந்தது என்று ரோடே பேசும். பேசுவதற்குத் தயாராகப் பக்கத்து வீல் அலைன்மெண்ட் கடை ஜாபர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஸ்பிரிங்குல ரெண்டு சுத்து வெட்டி எடுத்துட்டாப் போதும்னாங்க," என்றான் நவநீதன்.

"எவன் சொன்னான்?"

"போனுல பார்த்தனுங்க."

"அப்ப போனையே வெட்டச் சொல்லு."

மிருதுளா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஐயா, வாரத்துல ஆறு நாள் இந்தக் காரை ஓட்டறது நானு. என்ற காலேஜுக்குப் போற வழியில ஒன்பது வேகத்தடை இருக்குது. நீங்க இதுக்கு முந்தி எந்தக் காரையாவது இறக்கியிருக்கீங்களா?"

கேட்டாள் பாருங்கள் கேள்வி!

"அம்மிணி, மில்லுக்காரர் தண்டபாணி காரை இறக்கினது யாருன்னு நினைச்சே?"

"ஆரம்பிச்சாச்சு," என்றான் ஜாபர்.

"பாய், வாயை மூடு."

தண்டபாணியிடம் நீலக் கார் ஒன்று இருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அவர் சம்பந்தி காரில் ரெண்டு விரல்தான். கல்யாண வீட்டில் எல்லாரும் சம்பந்தி காரையே பார்த்தார்கள். மனுஷனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என்னிடம் வந்தார். "சென்னி, விரலே நுழையக் கூடாது. மூச்சுக்காத்து நுழைஞ்சாலும் உனக்கும் எனக்கும் பேச்சில்லை," என்றார்.

குட்டை ஸ்பிரிங் போட்டேன். ஷாக் பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் ஆயுளில் செய்த ஒரே தப்பு அது. ஸ்பிரிங் துள்ளும், ஷாக் அதைப் பிடித்து நிறுத்தும். ரெண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பிடிக்கிறவன் ஒரு பக்கம், துள்ளுகிறவன் ஒரு பக்கம். சிங்காநல்லூர் வேகத்தடையில் ஏறின கார் சூலூரில் போய்த்தான் இறங்கிற்று.

"நடுவுல?" என்றான் ஜாபர்.

"நடுவுல ஆகாசம்."

"அங்க ஏரோப்ளேன் போகுமே."

"போச்சு. ஹாரன் அடிச்சான். தண்டபாணி லைட்டை டிம் பண்ணினாரு. ஒதுங்கிப் போயிட்டான்."

நவநீதன் சிரித்தான். சாவி சுற்றுவது நின்றது. மிருதுளா சிரிக்கவில்லை.

சரி, ஷாக்குக்குள் இருக்கிற எண்ணெய் தண்ணியாக இருக்கிறது, அதனால்தான் இந்தத் துள்ளல் என்று புரிந்தது. விளக்கெண்ணெய் ஊற்றினேன். இருகூரில் இறங்கிற்று. பரவாயில்லை, பாதி வழி குறைந்தது. ஆனாலும் போதாது. நேரே மிட்டாய்க் கடைக்குப் போனேன். வெல்லப்பாகு காய்ச்சச் சொன்னேன். கம்பிப் பதம் வந்ததும் சுடச்சுட வாங்கிவந்து நாலு ஷாக்கிலும் ஊற்றி மூடினேன். கார் அடங்கிப் போயிற்று. பசுங்கன்று மாதிரி.

"ஒத்தைக் கம்பியா, ரெட்டைக் கம்பியாங்க?" என்றாள் மிருதுளா.

பெரிய ஆள்தான். நான் மட்டும் சளைத்தவனா?

"முன்னால ஒத்தை, பின்னால ரெட்டை. பின்சீட்டுல தண்டபாணி சம்சாரம் உட்காருவாங்க."

துள்ளல் நின்றது, தாழ்வு போதவில்லை. ஒரு விரல் இன்னும் நுழைந்தது. இன்னும் குட்டை ஸ்பிரிங் வேண்டும். எங்கே போவேன்? காய்கறிக் கடைத் தராசில் இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டேன். தண்டபாணி ஏறி உட்கார்ந்தார். ஸ்பீடாமீட்டர் முள் நூற்றுநாலில் போய் நின்றது. "இஞ்சினே ஸ்டார்ட் பண்ணலை, அதுக்குள்ள இந்த வேகமா!" என்று பயந்து பிரேக்கை மிதித்தார். அது வேகமில்லை, அவர் எடை. அவரிடம் நான் சொல்லவில்லை.

தராசு ஸ்பிரிங்கும் உயரம். கடைசியில் நாலு பேனா வாங்கி, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினேன்.

"பேனா ஸ்பிரிங்கு!" ஜாபர் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டான். "சென்னியண்ணே, ஒரு டன் காரு. பேனா ஸ்பிரிங்கு."

"பின்னால ரெண்டும் வாத்தியாருங்க திருத்தற சிவப்புப் பேனா, பாய். இழுத்து அமுத்தி, நல்லா உரம் ஏறின ஸ்பிரிங்கு. உட்காரு."

உட்கார்ந்தான்.

வேலை முடிந்தது. வண்டி வெளியே போகும்முன் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டுமல்லவா? நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழம் வைத்தோம். கார் நகர்ந்தது. சக்கரம் பழத்தைத் தொடுவதற்கு முன்னே பம்பர் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பழத்தைப் பாதியாக அறுத்து வைத்தோம். முட்டிற்று. தோலை மட்டும் வைத்தோம். முட்டிற்று. பூசை போட வந்த பூசாரி சலித்துப்போய்ச் சாற்றை மட்டும் பிழிந்து தரையில் தெளித்தார். அந்த ஈரத்தில் ஏற முதல் கியர் போட்டு முக்க வேண்டியிருந்தது.

"பூசணிக்காய் உடைக்கலீங்களா?" என்றான் நவநீதன்.

"உடைச்சிருந்தா, துண்டுகளைச் சுத்திக்கிட்டுப் போறதுக்கு ரெண்டு நாள் ஆயிருக்கும். திருஷ்டி பட்டாப் படட்டும்னு விட்டுட்டோம்."

பட்டுவிட்டது. சாயங்காலம் பட்டறையில் நின்ற காருக்கு அடியில் ஒரு எறும்பு போயிற்று. நிமிர்ந்து போக முடியாமல் குனிந்து போயிற்று. மறுபக்கம் வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷாக்கை அண்ணாந்து பார்த்தது. உள்ளே வெல்லப்பாகு. அதற்கு மூக்கு இருக்கிறதே! போய்ச் சொல்லிவிட்டது. விடிந்து பார்த்தால் ஆறு கோடி எறும்பு.

"எண்ணினீங்களா?" என்றான் ஜாபர்.

"முன்னால வந்த பெரிய எறும்பைக் கேட்டேன். குறுக்கே பேசாதே."

எறும்புகள் காரை அப்படியே தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பின. காரை எடுத்துப்போக விடியற்காலையே வந்து ஏறின தண்டபாணியும் சம்சாரமும் உள்ளே, கையில் காபி டம்ளர். எறும்புக்கு ஆறு கால். முப்பத்தாறு கோடிக் கால். ஒவ்வொரு காலும் ஒரு ஷாக் அப்சார்பர். உலகத்தில் எவன் காருக்கு இப்படி அமையும்? காந்திபுரம் வழியாகப் போயிற்று. அங்கே ரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள். காபி தளும்பவில்லை. மருதமலைக்குக் கார் போகிற ரோடு தனியாக இருக்கிறது. எறும்பு அதில் போகவில்லை. படிக்கட்டில் ஏறிற்று. தண்டபாணி உட்கார்ந்தபடியே சாமி கும்பிட்டார். சம்பந்தி அன்றைக்கு மலையடியில் நின்று பார்த்தவர்தான். தம் காரை வித்துவிட்டுச் சைக்கிள் வாங்கினார்.

மூன்றாம் நாள் பாகு தீர்ந்தது. எறும்புகள் மரியாதை தெரிந்தவை. எடுத்த இடத்திலேயே, என் பட்டறையிலேயே, கொண்டுவந்து மெதுவாக இறக்கிவிட்டுப் போயின. ஷாக்கில் ஒன்றும் இல்லை. கார் அன்றைக்கு இறங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

கதையை அங்கே நிறுத்தினேன். நவநீதன் வாய் திறந்தபடி இருந்தது. கை என் பக்கம் நீண்டிருந்தது. சாவி அதன் நுனியில். நான் கையை நீட்டினேன்.

"ஐயா, அந்தக் காரு இப்ப எங்கீங்க?" என்றாள் மிருதுளா.

அவள் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. என் வாய் யோசிக்கிற வாய் இல்லை.

"நீ நிக்கறியே, அதே இடந்தான்."

குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரை. எண்ணெய்க் கறை.

"இதுங்களா?"

"தெரியறது காரோட டாப்பு மட்டும். மீதி உள்ளே இறங்கிடுச்சு."

நவநீதன் பதறிப்போய் ரெண்டடி பின்னால் தள்ளி நின்றான். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டான். அவன் என் பக்கம் வந்துவிட்டான். சாவிக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்.

மிருதுளா நகரவில்லை. சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். காத்திருந்தாள். இன்னொரு குதி குதித்தாள். தலையைச் சாய்த்து, ஏதாவது கேட்கிறதா என்று பார்த்தாள்.

"ரெண்டு தடவை குதிச்சுட்டேனுங்க ஐயா. ஒரு நூல்கூட அமுங்கலீங்க," என்றாள். "ஸ்பிரிங்கு சரியில்லீங்க."

புருஷன் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, டாப்பு மேலேயே நடந்து காருக்குப் போனாள்.