கோமான் விட்ட இடைவெளி

காரைவயல் பேரூராட்சித் தலைவர் அருமைநாயகத்துக்குத் திடீரென்று ஹேஷ்டேக் ஆசை வந்துவிட்டது. ஆபீஸில் தட்டச்சு செய்யும் தற்காலிக ஊழியர் மரகதவல்லியைக் கூப்பிட்டார்.

"அது போன்ல பேலன்ஸ் பார்க்க அமுக்குற குறிதானே?"

"அதேதான் ஐயா. ஒரு சொல்லுக்கு முன்னாடி அதைப் போட்டா, அந்தச் சொல்லோட யார் யார் என்ன எழுதினாலும் ஒரே இடத்துல வந்து சேரும்."

"அப்போ 'குப்பை இல்லா ஊர் தந்த கோமான்'னு போடு. நாளைக்குள்ள ஊரே பேசணும். இல்லைன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சொல்லையெல்லாம் ஒட்டி எழுதணும் ஐயா. இடம் விட்டா முதல் சொல்லோட நின்னுடும்."

"என் பட்டத்தை ஒட்டிக் கொழகொழன்னு ஆக்குவியா? இடம் விட்டே போடு!"

போட்டாள்.

மறுநாள் தலைவர் போனைத் திறந்தார். #குப்பை மட்டும் நீல நிறத்தில் இருந்தது. தொட்டார். நடுவில் மாலையும் கழுத்துமாக அவர் சிரிக்கிறார். மேலும் கீழும், மூன்று மாதமாக ஊர்க்காரர்கள் அதே குறியோடு போட்ட படங்கள்: மீன் சந்தைக் குப்பை, பள்ளிக்கூட வாசல் குப்பை.

"என்னம்மா இது?"

"ஊரே பேசுதுங்க ஐயா."

"முதல்ல இதை எடுத்துத் தொலை!"

"எதைங்க ஐயா, பதிவையா, குப்பையையா?"

முறைத்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதியத்துக்குள் மூன்று லாரிகள் கிளம்பின. முதல் லாரியில் டிரைவர் பக்கத்தில் தலைவரே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் வியர்வையோடு திரும்பியவர் சொன்னார்: "நாளைக்கும் வேலைக்கு வந்துடும்மா. ஆனா அடுத்த பட்டத்தை ஒட்டியே எழுது."

"எதுக்குங்க ஐயா? நீங்க விட்ட இடத்துலதானே இன்னைக்கு லாரியே போச்சு!"