வடிவாம்பாளின் கிண்ணம்

"டாக்டர், இது ஆடியிருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தில்லைநாயகம் மேசைமேல் ஓர் உலோகக் கிண்ணத்தை வைத்தார். கருகிப்போயிருந்தது. நேற்றுக் காலை சுடுகாட்டில், மனைவி வடிவாம்பாளின் எலும்பு பொறுக்கும்போது சாம்பலுக்குள் கிடைத்தது.

இடுப்பு மாற்று ஆபரேஷனில் அவளுக்கு வைத்தது; அவரே வடிவமைத்த கிண்ணம். சிமெண்ட் இல்லாமல் இடுப்பெலும்புக்குள் இறுக்கி வைப்பது. வெளிப்புறமெல்லாம் நுண்ணிய துளைகள். எலும்பு வளர்ந்து அந்தத் துளைகளைப் பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் அசையாது.

எஞ்சினியரான அவருக்கு எலும்பைப் பற்றிப் பாடம் சொன்னவர் டாக்டர் அமலோற்பவம். வயதில் இளையவர்தான். அதனால் என்ன, குரு குருதானே!

"ஆடியிருந்தா என்ன, சார்?"

"ரெண்டு வருஷமா வலிக்குது வலிக்குதுன்னா. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். கிண்ணம் கல்லு மாதிரி இருக்கு, உனக்கு மனசுலதான் வலின்னேன். முப்பது வருஷம் உழைக்கும்னு சோதனை பண்ணின சாமான், எட்டு வருஷத்துல ஆடுமான்னு சண்டை போட்டேன்."

கிண்ணத்தை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

அப்புறம் அவள் வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டாள். நடப்பதையும் விட்டுவிட்டாள். படுத்த படுக்கையாகி, நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். மனுஷன் கெட்டிக்காரர், யார் இல்லை என்றது? வீட்டில் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் காதை அடைத்துவிட்டது, பாவம்.

டாக்டர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஊசியால் சுரண்டினார். பிறகு லென்ஸை அவரிடம் நீட்டினார்.

துளைக்குத் துளை வெள்ளை வெளேரென்று எலும்பு. தீயில் வெந்தும் பிடியை விடவில்லை.

"மயிரிழைகூட ஆடலை, சார்."

தில்லைநாயகத்துக்கு நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் சொன்னது சரிதான்."

"சரிதான்."

டாக்டர் கிண்ணத்தைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றுவிட்டார்.

"அப்ப அந்த வலி?"

"வலிக்குதுன்னு சொல்றப்போ எந்த இடத்துல கை வச்சுக் காட்டினாங்க?"

அவர் யோசித்து யோசித்துப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அதுதான்.

வடிவாம்பாள் அப்போதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.