மூன்றாவது கக்கூஸ்

"சாமி, நான் வந்து பதினோரு மாசம் ஆச்சு. அவ வந்து நாப்பது நாள்கூட ஆகல."

ஆவுடைநாயகம் இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, மனுவாகக் கொடுத்தார்.

முப்பத்து மூன்று வருடம் தாலுகா ஆபீசில் இருந்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்ற மனிதர். சீனியாரிட்டி என்று ஒன்று உலகத்தில் உண்டு, அது சாமியார் குடிலிலும் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சாமிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. கடையத்துக்கு மேற்கே ஓடையைத் தாண்டி, மலையடிவாரத்தில் இரண்டே அறை உள்ள ஓட்டுக் குடில் அவருடையது.

"ஆமா அண்ணாச்சி," என்றார் சாமி. "நாப்பது நாள்ல ரெண்டு கக்கூஸை சரி பண்ணிட்டா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"நான் அதைச் சொல்லல சாமி."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு சாமி எழுந்து போனார்.

எங்கே போனார்? கக்கூசுக்குத்தான். அங்கே இசக்கியம்மாள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

*

விஷயம் இதுதான். ஐப்பசி பிறந்தால் ஓடையில் வெள்ளம் இறங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. அந்த இரண்டு மாதமும் சாமி ஒரே ஒருவரைத்தான் கூட வைத்துக்கொள்வார். மற்ற நாளில் உபதேசம் என்று வாயைத் திறக்காத சாமி, அப்போதுதான் எல்லாவற்றையும் சொல்வார் என்று ஊரில் பேச்சு.

அந்த ஒருவர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆவுடைநாயகம் மகனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை.

ஐப்பசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இந்த வருஷம் பார்த்து இசக்கியம்மாள் வந்து சேர்ந்திருந்தாள். முப்பத்தாறு வயது. தென்காசியில் புருஷன் பிளம்பர். அவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, அவன் விட்டுப்போன ஸ்பானரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிழைத்தவள்.

குடிலுக்கு வருகிறவர்களுக்காக யாரோ ஒரு பக்தர் பின்பக்கம் மூன்று கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்றில் அடைப்பு. ஒன்றில் அடியில் கசிவு. மூன்றாவதில் ஃபிளஷ் அமுக்கினால் ஒரு சொட்டு இறங்காது. அவள் வந்த அன்றைக்கே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது.

*

சாமி தினமும் காலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு கக்கூஸ் வாசலில் உட்கார்ந்துகொள்வார். அவள் உள்ளே வேலை பார்ப்பாள். பேச்சு ஓடும். சில சமயம் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புதான் ஆவுடைநாயகத்தால் தாங்க முடியாதது. பதினோரு மாதத்தில் தன்னிடம் சாமி ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லையே! அவருக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, சீரகத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டார்.

"வாஷர் தேஞ்சிருக்கு சாமி."

"மாத்தணுமா?"

"திருப்பிப் போட்டுப் பாப்போம்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இதற்குள் ஏதோ உபதேசம் ஒளிந்திருக்கிறது, தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தார். மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும். தேவாரத்தில் நாலாவது பாட்டு ஆறு மாதமாக மனப்பாடம் ஆகவில்லை. ஆனால் ஃபிளஷ் டேங்குக்குள் எது எங்கே இருக்கிறது, எந்தச் சங்கிலி எந்த மூடியைத் தூக்கும் என்பதெல்லாம் நாலே நாளில் அத்துப்படி ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"எனக்கு எப்ப சாமி சொல்லுவீங்க?"

"என்னத்த அண்ணாச்சி?"

"அவகிட்டச் சொல்லுததை."

சாமி கவிழ்த்த வாளியிலிருந்து எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இருங்க. ஒண்ணாச் சேர்ந்து கேப்போம்."

ஆவுடைநாயகம் கக்கூசைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தார்.

"பெரியப்பாக்கு நாத்தம் சேராது சாமி," என்று உள்ளேயிருந்து இசக்கியம்மாள் சொன்னாள். பாவம், அவள் பரிவாகத்தான் சொன்னாள். அவருக்கு அது பரிகாசமாக விழுந்தது.

*

அன்று மாலையே மூன்றாவது கக்கூசும் சரியாகிவிட்டது. சாமியே ஃபிளஷை அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் சோவென்று இறங்கியது, டேங்க் நிரம்பியது, சத்தம் நின்றது.

"இசக்கி, கெட்டிக்காரி," என்றார் சாமி.

கெட்டிக்காரி! ஆவுடைநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம், சாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இசக்கியம்மாள் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆவுடைநாயகம் பூனைபோல் நடந்து மூன்றாவது கக்கூசுக்குள் போனார். டேங்கின் மூடியைத் தூக்கினார். அடியில் கிடக்கும் ரப்பர் மூடியை இழுக்கும் சங்கிலியை எடுத்து, இரண்டு கண்ணி ஏற்றி மாட்டினார். ரப்பர் மூடி பாதி திறந்தபடி நின்றது. தண்ணீர் மெதுவாக, சத்தமில்லாமல் இறங்க ஆரம்பித்தது.

வெளியே வந்து கையைக் கழுவினார். இந்த வயதில் இப்படிச் செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் திரும்பிப் போய்ச் சரி செய்யவில்லை. இனி யாரைக் கெட்டிக்காரி என்பார், பார்ப்போம் என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

*

காலையில் கக்கூஸ் கூரைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டி வறண்டு கிடந்தது. மோட்டார் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. அன்றைக்கென்று பௌர்ணமி. ஊரிலிருந்து நாற்பது பேர் சாப்பிட வருகிற நாள்.

"எல்லாத் தண்ணியும் மூணாவது கக்கூஸ் வழியாப் போயிருக்கு சாமி," என்றாள் இசக்கியம்மாள். முகம் செத்துப்போயிருந்தது. "நான்தான் ஒழுங்கா மாட்டல போலிருக்கு. இப்பவே பாக்கேன்."

"நீ பாக்க வேண்டாம். முதல்ல சமையலுக்குத் தண்ணி வேணும்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். சாமியும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். தப்புச் செய்தவளோடு சேர்ந்து சாமியே தண்ணீர் சுமப்பார் என்று ஆவுடைநாயகம் கணக்குப் போட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் இடுப்பில் குடத்தோடு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்தபோது, போன எரிச்சல் திரும்பி வந்தது.

ஏழு நடை ஆனது. எட்டாவது நடையில் சாமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஆவுடைநாயகத்தின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, கரண்ட் வந்துட்டுது. ஆனா மோட்டார் போட்டாத் திரும்பவும் ஓடிரும். அந்தக் கக்கூஸைக் கொஞ்சம் பாக்கீங்களா?"

"நானா சாமி?"

"நீங்கதான்."

பதினோரு மாதத்தில் சாமி அவரை ஒரு வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆவுடைநாயகத்துக்கு நெஞ்சு விரிந்தது. துண்டைத் தலையில் கட்டினார். மூக்கைப் பொத்தவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டி, கையை நேராக அடியில் விட்டார். சங்கிலியைக் கழற்றி, இரண்டு கண்ணி இறக்கி மாட்டினார்.

"மோட்டாரைப் போடுங்க!"

டேங்க் நிரம்பியது. நின்றது. ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

"அவ்வளவுதான் சாமி! இதுக்குப் போயி நாப்பது நாளு." சிரித்துக்கொண்டே திரும்பினார்.

வாசலில் சாமி நின்றிருந்தார். பக்கத்தில், இடுப்பில் குடத்தோடு இசக்கியம்மாள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அவள் உண்மையிலேயே வியந்துதான் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரா இருந்தாக்கூட முதல்ல மிதவையை ஆட்டிப் பாப்பாரு. அப்புறம் வால்வு, வாஷர். சங்கிலிக்கு வர்றதுக்கு அரைமணி நேரம் ஆகும். நீங்க எதையுமே பாக்கலயே. நேரா அங்கன போயிட்டீங்களே!"

ஆவுடைநாயகம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

பதில் சொல்ல ஆவுடைநாயகத்திடம் நாலைந்து பொய் இருந்தது. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் பழகிய பொய்தான். ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. குடம் அழுத்தி அவள் இடுப்புச் சேலை நனைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தாயி மாத்தி மாட்டினேன்," என்றார்.

"எதுக்கு?"

"உன்னையக் கெட்டிக்காரின்னு சொன்னாரு."

இசக்கியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு என்ன நினைத்தாளோ, திட்ட வந்ததைத் திட்டாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவுடைநாயகம் அவர்கள் இருவரையும் தாண்டிக் குடிலுக்குப் போனார். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, தேவாரப் புத்தகம். எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்க அண்ணாச்சி?"

"ஊருக்கு."

"இசக்கி," என்று சாமி அவளைக் கூப்பிட்டார். "ஓடையில தண்ணி ஏறுமுன்ன நீ தென்காசிக்குக் கிளம்பு. மழைக்கு அண்ணாச்சி இங்க இருக்கட்டும்."

பை ஆவுடைநாயகத்தின் கையிலிருந்து நழுவியது. எதற்காக அவர் பதினோரு மாதம் தவம் கிடந்தாரோ அது கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் அவரால் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"கெடுத்தவன் நான் சாமி. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. அவளைப் போகச் சொல்லிட்டு என்னைய எதுக்கு வச்சுக்கிடுதீங்க?"

சாமி சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா இருக்கிற கக்கூஸையா அண்ணாச்சி பிரிச்சு மாட்டுவாங்க?"